கையெழுத்துக்கு அலைந்த கம்பர்

தமிழில் விமர்சனம் ஆரம்பத்திலிருந்தே ரத்தக்களரியான தொழில். சீத்தலைச் சாத்தனார் என்றொரு புலவர் இருந்தார். அரங்கேற்ற வரும் நூலில் பிழை கண்டால், எழுதி வந்தவரைக் குத்தமாட்டாராம், பண்புள்ள மனிதர். எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வார். வந்த நூல்களின் தரம் அப்படி. குத்திக் குத்திப் புண்ணாகி, சீழ் வைத்து, அதனால் சீத்தலை என்று பெயர் வந்ததாகக் கதை. சீத்தலை என்பது ஊர்ப்பெயர்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். நல்ல கதையைக் கெடுக்காவிட்டால் அவர்களுக்கு ராத்தூக்கம் வராது. திருக்குறள் வந்த பிறகுதான் சாத்தனாரின் தலைவலி தீர்ந்தது என்று திருவள்ளுவமாலையில் ஒரு பாட்டே இருக்கிறது.

பின்னால் வந்தவர்களிடம் இந்தத் தியாக குணம் இல்லை. பிள்ளைப் பாண்டியன் தப்பாகப் பாடியவன் தலையில் குட்டுவான். வில்லிபுத்தூரார் கையில் துறட்டியோடு உட்காருவார். வாதில் தோற்றவனின் காது அவருக்கு. ஒட்டக்கூத்தர் இரண்டிரண்டு பேராகக் குடுமியை முடிந்துவிட்டுத் தலையையே எடுத்துவிடுவார். எல்லாம் கர்ணபரம்பரைக் கதைகள்தான். ஆனாலும் ஒரு மொழி தன் விமர்சகர்களைப் பற்றி இப்படிப்பட்ட கதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றால், கதை கட்டியவர்கள் யார் என்று ஊகிப்பது சுலபம். முதல் புத்தகம் போட்டவர்கள்.

அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் எனக்குத் தலையும் காதும் மிஞ்சியிருக்காது. இந்தக் காலத்தில் பிறந்ததால் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. தோளில் பொன்னாடை மட்டும் போர்த்துகிறார்கள். அதையும் அடுத்த கூட்டத்துக்கு வேண்டும் என்று திருப்பி வாங்கிக்கொண்ட அமைப்பாளர் ஒருவரை எனக்குத் தெரியும்.

என் முதல் சிறுகதைத் தொகுப்பைத் தூக்கிக்கொண்டு பதிப்பாளர்களைப் பார்க்கப் போனபோது எல்லோரும் ஒரே வசனம் பேசினார்கள். “சிறுகதை போகாது தம்பி. நாவல் ஏதும் வச்சிருக்கீங்களா?” நாவல் எழுதியவர்களைக் கேட்டேன். அவர்களிடம், “இவ்வளவு பெரிசா யாரு சார் படிக்கிறாங்க?” என்றார்களாம். கவிதை எழுதுகிறவர்களிடம் பதிப்பாளர்கள் எதுவும் கேட்பதில்லை. வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் அனுப்பிவைக்கிறார்கள்.

கடைசியில் ஒரு சின்னப் பதிப்பகம் சம்மதித்தது. பதிப்பகம் என்பது பதிப்பாளர், ஒரு மடிக்கணினி, மனைவியின் பொறுமை. பேச்சு இப்படிப் போனது. அச்சுச் செலவில் பாதி என்னுடையது. ராயல்டி பத்து சதவீதம். அதைப் பணமாக வாங்குவது இலக்கியவாதிக்கு அழகல்ல என்பதால் பிரதிகளாகத் தருவார். அந்தப் பிரதிகளை நானே விற்றுக்கொள்ளலாம். அதாவது என் புத்தகத்தை நானே அச்சடித்து, நானே வாங்கி, நானே விற்கும் ஏற்பாடு. அவர் தருவது சின்னம், ஐ.எஸ்.பி.என். எண், ஆசி.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் கம்பரின் கதை எனக்கு முன்பே தெரியும்.

கம்பருக்குப் புரவலர் இருந்தார், திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளல். நூறு பாட்டுக்கு ஒருமுறை வள்ளலின் பெயரைச் சொல்லி நன்றிக்கடன் தீர்த்திருந்தாராம் கம்பர். பெருமாள் கதையில் இத்தனை தடவை ஒரு நிலக்கிழார் வரலாமா என்று திருவரங்கத்தார் ஆட்சேபித்தார்கள். ஆயிரம் பாட்டுக்கு ஒருமுறை என்று குறைக்கப்பட்டது. விளம்பரதாரரின் பெயரை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை காட்டுவது என்ற பேரம் தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை.

பணம் பிரச்சினையில்லை. கையெழுத்துதான் பிரச்சினை. ராமாயணத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றப் போன கம்பரிடம், “தில்லை தீட்சிதர்கள் ஒப்புதல் கொடுத்தால் பார்ப்போம்” என்று அனுப்பிவிட்டார்கள். வைணவக் காவியத்துக்குச் சைவக் கோயிலிலிருந்து தடையில்லாச் சான்றிதழ். தில்லைக்குப் போனால், மூவாயிரம் பேரும் ஒரே இடத்தில் கூடினால்தான் ஒப்புதல் என்றார்கள். மூவாயிரம் பேர் எதற்குக் கூடுவார்கள்? சாவுக்குத்தான். பாம்பு கடித்து ஒரு பிள்ளை இறந்துபோக, எல்லோரும் கூட, கம்பர் நாகபாசப் படலத்திலிருந்து பாட, பிள்ளை எழுந்து உட்கார்ந்தானாம். கையெழுத்துக் கிடைத்தது. இதிலிருந்து தெரியும் சேதி: தமிழில் ஒரு புத்தகத்தை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள வைக்க, செத்தவனை எழுப்பினால் போதும். வேறு பெரிய நிபந்தனை கிடையாது.

திருவரங்கம் திரும்பினார். இன்னும் கொஞ்சம் கையெழுத்து வேண்டும் என்றார்கள். திருநறுங்கொண்டைச் சமணர்கள், ஒரு கொல்லர், அஞ்சனாட்சி என்ற தாசி, கடைசியில் கம்பரின் சொந்த மகன் அம்பிகாபதி என்று பட்டியல் நீண்டதாகக் கதை சொல்கிறார்கள். மகனிடம் அப்பாவின் நூலைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுவா என்பது எந்த ஊர் நியாயம்? என் மகனிடம் கேட்டிருந்தால் என் புத்தகம் இன்றுவரை வந்திருக்காது.

அதெல்லாம் முடித்து வந்தால், நம்மாழ்வாரைப் பாடினாயா என்று கேள்வி வந்தது. சடகோபர் அந்தாதி பாடினார். பிறகு, இரணியன் வதை வால்மீகியில் இல்லையே, இங்கே எப்படி வந்தது என்றார்கள். அப்போதுதான் மேட்டழகிய சிங்கர் சன்னதியிலிருந்த நரசிம்மர், தன் சம்பந்தப்பட்ட படலம் என்பதால், தலையசைத்துக் கர்ஜித்து ஆமோதித்தாராம். மனிதர்கள் சரிவராதபோது கல்லைத்தான் நம்ப வேண்டியிருந்திருக்கிறது. தாயார் சன்னதிக்கு எதிரே அந்த அரங்கேற்ற மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். போய் நின்றால் காற்று நன்றாக வருகிறது. நாற்காலி வாடகை கிடையாது, மைக் செட் கிடையாது. இன்று சென்னையில் அரங்கு பிடிக்க அலைகிறவன் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கும்.

அரங்கேற்றம் நடந்த வருஷம் எது? தனிப்பாடல் ஒன்று சகாப்தம் 807 என்று தேதி போட்டுக் கொடுக்கிறது. அதாவது 9-ஆம் நூற்றாண்டு. ஆராய்ச்சியாளர்கள் பலர் 12-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். புத்தக வெளியீடு முந்நூறு வருஷம் தள்ளிப்போவது நம் பழக்கத்தில் பெரிய தாமதமில்லை. என் பதிப்பாளரும் “தைக்குள்ள கொண்டாந்துடலாம்” என்றார். எந்தத் தை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சேக்கிழாருக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. பெரியபுராணத்துக்குத் தில்லை நடராசரே முதலடி எடுத்துக் கொடுத்தார். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை விரிவுரை. முடிந்ததும் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றி, சோழ மன்னன் பின்னால் உட்கார்ந்து கவரி வீசினான் என்கிறது சேக்கிழார் புராணம். பக்தி ஒரு காரணம். சேக்கிழார் அந்தச் சோழனின் முதலமைச்சர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பதவியிலிருப்பவர் புத்தகம் போட்டால் யானை தானாகவே வந்து நிற்கும். இன்றைக்கும் நிற்கிறது, தும்பிக்கைக்குப் பதிலாக முன்னால் சைரன்.

அச்சு இயந்திரம் வந்ததும் நிலைமை மாறியதா என்றால், ஒரே ஒரு இடத்தில் மாறியது. வள்ளலார் ராமலிங்க அடிகளின் பாடல்களை நூலாக்க இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் பல வருஷம் கேட்டுக் கேட்டுச் சலித்து, அனுமதி வரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் இருந்தார். திருவருட்பா 1867-இல் வெளிவந்தது. கையெழுத்துப் பிரதிக்காக நூலை வெளியிடுகிறவர் வயிற்றைக் காயப்போட்ட ஒரே சம்பவமாகத்தான் இருக்கும். என் பதிப்பாளரைப் பார்க்கும் போதெல்லாம் இந்தச் சரித்திர உண்மையைச் சொல்கிறேன். அவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கவனமாகக் கேட்கிறார்.

இதில் இன்னொரு அதிசயம், தன் பெயரை ‘இராமலிங்கசாமி’ என்று போடுவது ஆரவாரமாக இருக்கிறது, வேண்டாம் என்று வள்ளலார் கடிதம் எழுதினார். தன் பெயரோடு ஒட்டியிருக்கும் பட்டத்தைச் சுருக்கச் சொன்ன தமிழ் எழுத்தாளர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நம்மவர்கள் அழைப்பிதழில் ‘கவிஞர்’ விட்டுப்போனால் வெளிநடப்புச் செய்வார்கள். இவ்வளவு அடக்கமாக வந்த புத்தகம் என்ன ஆயிற்று? ஆறுமுக நாவலர் தரப்பு அதை மருட்பா என்றது. மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக இரண்டு பக்கமும் அச்சகங்களை வாழவைத்தார்கள். 1869-இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. புத்தக விமர்சனத்துக்கு மாஜிஸ்திரேட்டைக் கூப்பிட்ட பெருமையும் நமக்கே.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊர் ஊராகப் போய்த் தலபுராணம் எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள், இவர் பாடுவார், கோயிலில் மாதக்கணக்கில் அரங்கேற்றம் நடக்கும், சால்வை வரும். 1876-இல் கடனோடு இறந்தார். சால்வையை அடகுக்கடையில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. இதைக் கூடவே இருந்து பார்த்த மாணவர் உ.வே. சாமிநாதையர் உஷாரானார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே ஆட்களைப் பிடித்துக் கையொப்பம் வாங்கினார். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்ற வாக்குறுதி. இன்றைய பெயர் முன்வெளியீட்டுத் திட்டம். கும்பகோணம் கல்லூரி வாத்தியார், விடுமுறை கிடைத்தால் சென்னை அச்சுக்கூடத்துக்கு ரயிலேறுவார், புரூஃப் பார்ப்பார், பணத்துக்குக் கவலைப்படுவார். பல நூற்றாண்டு கழித்தும் கம்பர் செய்த அதே வேலை: வீடு வீடாகக் கையெழுத்து. ஒரே முன்னேற்றம், இந்தக் கையெழுத்துக்காரர்களிடம் பாம்பு கடித்த பிள்ளையைக் காட்ட வேண்டியதில்லை.

நானும் முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தேன். வாட்ஸப்பில் கட்டைவிரல்கள் குவிந்தன. அவற்றில் எதுவும் ஜிபே வரை நடந்து வரவில்லை.

பாரதியை இந்த வரிசையில் சொல்லாமல் விட்டால் எட்டயபுரத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். அவருடைய சுதேச கீதங்கள் சிலவற்றை 1907-இல் 15,000 பிரதி அச்சடித்து விநியோகித்தார்கள். பதினைந்தாயிரம்! இன்றைய எழுத்தாளன் இந்த எண்ணைக் கேட்டால் மயங்கி விழுவான். தெளிந்து எழுந்ததும் மிச்சத்தையும் சொல்லலாம்: அது சில பக்கத் துண்டுப் பிரசுரம், இலவச விநியோகம், செலவு வி. கிருஷ்ணசாமி ஐயருடையது. அரசியலில் அவர் மிதவாதி. பாரதி நார்நாராகக் கிழித்துக்கொண்டிருந்த கட்சி. எதிரி காசில் புத்தகம் போட்ட ஒரே தமிழ்க் கவிஞர். நண்பர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். ரசித்தார்கள்.

1920-இல் பாரதி ஒரு திட்டம் தீட்டினார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி போடுவது. ஆகமொத்தம் நான்கு லட்சம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல மளமளவென்று விற்றுவிடும் என்று மனிதர் மனசார நம்பினார். முதலுக்குக் கடன் கேட்டு அச்சடித்த சுற்றறிக்கை அனுப்பினார். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றும் சொன்னார். பணம் திரளவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் அவர் போய்விட்டார். பிறகு அவர் பாட்டைப் படத்தில் பாட யாருக்கு உரிமை என்று சினிமாக்காரர்கள் வழக்காடினார்கள். 1949-இல் அரசாங்கமே உரிமையை வாங்கியது, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. கணக்குப் பார்த்தால் நான்கு லட்சம் எப்போதோ தாண்டியிருக்கும். திட்டம் சரியாகத்தான் இருந்தது. போட்டவர் உயிரோடு இருந்ததுதான் இடைஞ்சல்.

என் வெளியீட்டு விழாவுக்கு வருகிறேன். மேலைநாட்டில் எழுத்தாளர் மேடையேறித் தன் கதையிலிருந்து நாலு பக்கம் வாசிப்பாராம், ஜனங்கள் காசு கொடுத்துக் கேட்பார்களாம். நம்மிடம் அந்த அநாகரிகம் கிடையாது. இங்கே புத்தகத்திலிருந்து ஒரு வரி வாசிக்காமல் மூன்று மணி நேரம் புத்தகக் கூட்டம் நடத்தும் கலை கைவந்திருக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, வெளியிடுபவர் உரை, முதல் பிரதி பெற்றுக்கொள்பவர் உரை, வாழ்த்துரை, மதிப்புரை, ஏற்புரை, நன்றியுரை. இதில் ஏற்புரை மட்டும் எழுத்தாளருடையது. அதற்குள் அரங்கத்துக் காவலாளி விசிறிகளை நிறுத்த ஆரம்பித்திருப்பார். கம்பருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் மொத்தக் காவியத்தையும் படித்துவிட்டா போட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு நெடுநாளாக உண்டு. அன்றைக்குத் தீர்ந்தது.

வெளியிட வந்தவர் தன் முதல் புத்தகம் எப்படி வெளிவந்தது என்பதைப் பேசினார். உருக்கமான பேச்சு, நானே கண் கலங்கினேன். வாழ்த்த வந்தவர் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை வ.வே.சு. ஐயரிலிருந்து தொடங்கி, மணிக்கொடி வந்ததும் நேரம் முடிந்து உட்கார்ந்தார். நான் பிறக்கவே இன்னும் ஐம்பது வருஷம் பாக்கி. மதிப்புரையாளர்தான் உண்மையில் புத்தகத்துக்குள் நுழைந்தார். “இந்தத் தொகுப்பின் சிகரம் அந்த மீனவர் கதை. கடலுக்குப் போன மகனுக்காகக் கிழவி அலைவாயில் காத்திருக்கிறாளே, அந்த முடிவு!” என்று குரல் தழுதழுத்தார்.

என் தொகுப்பில் மீனவர் கதை கிடையாது. கடலே கிடையாது. நான் ஈரோட்டுக்காரன்.

மேடையில் உட்கார்ந்து என்ன செய்வது? தலையைத் தாழ்த்திக் கும்பிட்டேன். விழா முடிந்து சமோசா தின்னும்போது மூன்று பேர் வந்து, மீனவர் கதை அபாரம் என்றார்கள். அதில் ஒருவர், முடிவு மட்டும் கொஞ்சம் மிகையாகப் பட்டதாக நேர்மையாகச் சொன்னார். அவருக்கு நன்றி சொன்னேன்.

இந்தக் கூத்து முழுவதையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு நடந்த ஒரே ஆள் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகை ஆரம்பித்தார். 1970 வரை 119 இதழ். எந்தப் பத்திரிகைக்காரரும் விற்பனை கூடுமா என்று கவலைப்படுவார். இவர், 2,000 பிரதிக்கு மேல் அச்சிட மாட்டேன் என்று முதலிலேயே மிரட்டினார். வாசகர்கள் மிரண்டு, அந்தப் பக்கமே போகாமல் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். எழுத்து பிரசுரத்தில் போட்ட புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து, கல்லூரி கல்லூரியாகப் போய், பேராசிரியர் அறை வாசலில் இறக்கி வைப்பார். வெளியீட்டு விழா இல்லை, வாழ்த்துரை இல்லை. ஆள் நேராக வந்து நிற்பார், படி என்பார். பேராசிரியர்களுக்குத் தமிழில் இதைவிடப் பெரிய நெருக்கடி வந்ததில்லை. அப்படிச் சுமந்த பிரசுரங்களில் ஒன்று ‘வாடிவாசல்’. இன்று பல பதிப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு, வரைகதை என்று அது பாட்டுக்குத் துள்ளிக்கொண்டு போகிறது.

எண்பது வயதைத் தாண்டியும் ஓயாமல் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். 1998 டிசம்பரில் மறைந்தார். 2001-இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. கொடுக்கிற விருதை வேண்டாம் என்று திருப்பும் வழக்கம் அவருக்கு உண்டு என்பதால், அகாதெமி முன்ஜாக்கிரதையாகக் காத்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

செல்லப்பாவை மனதில் நினைத்து நானும் ஒரு கல்லூரிக்குப் பையில் பிரதிகளோடு போனேன். தமிழ்த் துறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பேராசிரியர் ஒரு பிரதியை வாங்கிப் புரட்டி, “நூலக ஆணை கிடைச்சுதா?” என்றார். கிடைத்தால் பொது நூலகங்களுக்கு மொத்தமாக வாங்குவார்கள். சின்னப் பதிப்பகம் மூச்சுவிடுவது அதில்தான். கிடைக்கவில்லை என்றேன். “கிடைக்கும்” என்று ஆசீர்வதித்துப் பிரதியைத் திருப்பித் தந்தார். பிறகு மாணவர்களோடு கலந்துரையாடல். வாசிக்கச் சொன்னார்கள்! வாழ்க்கையில் முதன்முறையாக என் கதையை நானே உரக்கப் படித்தேன். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். மற்றவர்கள் தூங்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

கேள்வி நேரம் வந்ததும் ஒரு பெண் எழுந்தாள். “சார், உங்க மீனவர் கதையை ஏன் வாசிக்கல? யூடியூப்ல அந்த விழா பார்த்தேன். அந்தப் பாட்டி கதைக்காகத்தான் சார் நான் வந்தேன்.”

“அது அடுத்த தொகுப்புல வருதும்மா” என்றேன்.

பதிப்பாளரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. விசாரிப்பு வந்த ஒரே கதை அதுதான், சீக்கிரம் எழுதிக் கொடுங்கள் என்றார். பின்னட்டைக்கு மதிப்புரையாளரின் வரிகளை ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டாராம். வரும் மாதம் ராமேசுவரம் போகிறேன், கடல் எப்படியிருக்கும் என்று பார்த்துவர. பயணச் செலவில் பாதி என்னுடையது.